குமரிக் கடற்கரைப் புழுக்கத்தில் வீட்டுக் கோழிகளைக் காப்பது எப்படி?

குளச்சலுக்கு அருகே, மொட்டை மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே கம்பிக் கூண்டில் 8 முட்டைக்கோழிகளும், வீட்டு முற்றத்தில் 10 நாட்டுக்கோழிகளும் வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெயில் ஏறியதும் கூண்டின் நான்கு பக்கமும் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு, நாளுக்கு இருமுறை குழாய்த் தண்ணீரையும் பீய்ச்சி வந்தீர்கள். அப்படியிருந்தும் ஒரு நாள் மாலை நான்கு மணியளவில் கூண்டுக்கோழி ஒன்றும், அன்றிரவே மரக்கூட்டுக்குள் அடைத்திருந்த நாட்டுச் சேவல் ஒன்றும் இறந்துவிட்டன. தண்ணீருக்குக் குறைவே இல்லை என்னும்போது இது எதனால் ஆயிற்று, இனி என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்க்கும்போது, இரண்டு சாவுக்கும் காற்றோட்டம் அடைபட்டதே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். உங்கள் அக்கறையில் குறை ஏதும் இல்லை. நனைத்த சாக்கு கட்டும் முறை நாமக்கல், ஈரோடு போன்ற வறண்ட ஊர்களில் நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் அதே முறையை நம் கடற்கரை ஊர்களில் அப்படியே கையாண்டால் கோழிக்குக் கேடாக முடியும். நம் பக்கத்தில் கோழியைக் கொல்வது வெயிலைவிடப் புழுக்கம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த யோசனை நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. அதன் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அது 45ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து, 47ஐ நெருங்கினால் பிழைப்பது அரிது. சுற்றுப்புறம் 18 முதல் 24 டிகிரி வரை இருக்கும்போது, கொண்டை, தாடி, இறகில்லாத கால்கள், இறக்கையின் அடிப்பக்கம் ஆகியவற்றின் வழியாகவே மிகை வெப்பம் வெளியேறிவிடும். ஏறத்தாழ 30 டிகிரியைக் கடந்ததும் இந்த வழி போதாமல் போய், கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 25, 30 முறை விடும் மூச்சு 150ஐயும் தாண்டிவிடும். தொண்டையிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது அது உடலின் வெப்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இந்த ஆவியாதல் மந்தப்பட்டுவிடும். புழுக்கமான நாளில் கொடியில் போட்ட துணி மாலைவரை காயாமல் கிடக்கிறதே, கோழியின் தொண்டைக்கும் அன்று அதே நிலைதான். எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் உடல் வெப்பம் இறங்காது. மூச்சு வாங்குவதற்காகத் தசைகள் உழைப்பதால் வெப்பம் மேலும்தான் ஏறும்.

கோழிப்பண்ணைத் தொழிலில் உள்ளவர்கள் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. வெப்பநிலையைப் பாரன்ஹீட்டில் எடுத்துக்கொண்டு, அதனுடன் காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 160ஐத் தாண்டினால் கோழி திணறத் தொடங்கிவிட்டது என்று பொருள். நாமக்கல்லில் ஒரு பிற்பகலில் 39 டிகிரி செல்சியஸ், அதாவது 102 பாரன்ஹீட் வெயில் அடிக்கிறது, ஈரப்பதம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 132தான் வரும். அதே நேரத்தில் குளச்சலில் 33 டிகிரிதான், அதாவது 91 பாரன்ஹீட்தான் என்றாலும், ஈரப்பதம் 70 ஆக இருந்தால் கூட்டுத்தொகை 161 ஆகிவிடும். 39 டிகிரி வெறும் வெயிலிலும் கோழி சுகமாக இருக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால், 33 டிகிரிதானே என்று நாம் அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதை இந்தக் கணக்கு நன்றாகவே உணர்த்துகிறது. வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் காட்டும் சிறிய கருவி இப்போது குறைந்த விலைக்கே கிடைக்கிறது. அதை வீட்டுச் சுவரில் மாட்டாமல், கூண்டுக்குள் கோழியின் தலை உயரத்தில் மாட்டி, பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் பாருங்கள்.

உங்கள் கூண்டில் நடந்ததை இப்போது ஊகிக்கலாம். நான்கு பக்கமும் ஈரச் சாக்கு தொங்கியதால் கடற்காற்று உள்ளே நுழையவில்லை. சாக்கிலிருந்து எழுந்த ஆவியும், கோழிகள் மூச்சில் விட்ட ஆவியும், கூண்டுக்கு அடியில் நனைந்து கிடந்த எச்சத்தின் ஆவியும் உள்ளேயே தங்கிவிட்டன. மேலே தகரம் காய்ந்துகொண்டிருந்தது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் கணவாய்க் காற்று வறண்டு வீசும் நாள்களில் ஈரச் சாக்கைக் காற்று வரும் ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கவிட்டால் பலன் கிடைக்கும். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் சாக்கே வேண்டாம் என்பது என் திடமான கருத்து. தண்ணீரைத் தெளிப்பதானால் கோழியின் மேலோ கூண்டுக்குள்ளோ தெளிக்காமல் கூரையின் மேற்புறத்தில் தெளியுங்கள். தகரம் குளிரும், ஈரமும் வெளியோடு போய்விடும்.

இனி மாடிக் கூண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகளை இரும்புக் கம்பிக் கூண்டோடு சேர்த்து வாங்கி மாடியில் வைக்கும் வழக்கம் கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் பரவியிருக்கிறது. நாய், கீரித் தொல்லை இல்லை, இடமும் மிச்சம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கோடையில் மொட்டை மாடியைவிடக் கொடுமையான இடம் கோழிக்கு வேறில்லை. காங்கிரீட் தளம் பகல் முழுவதும் குடித்த வெயிலை இரவு ஒன்பது, பத்து மணிவரை கக்கிக்கொண்டே இருக்கும். மேலே தகரமும் கீழே தளமுமாக இரண்டு பக்கமும் அனல். கூண்டுக்குள் இருக்கும் கோழி நிழல் தேடி நகரவும் முடியாது. ஆகையால் மாசி பிறந்ததும் கூண்டைக் கீழே இறக்கிவிடுவதும், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்த பிறகு வேண்டுமானால் மேலே ஏற்றுவதும்தான் நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை.

கீழே எந்தப் பக்கம் வைப்பது என்பதிலும் கவனம் தேவை. வடக்குச் சுவரை ஒட்டினால் எப்போதும் நிழல் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நாம் இருப்பது வட அட்சம் 8 டிகிரியில். சித்திரைப் பிறப்புக்குச் சில நாள்களுக்கு முன்பே நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, அதன்பின் ஆகஸ்ட் கடைசிவரை நண்பகலில் அது நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்குச் சுவரில்தான் வெயில் விழும். எனவே சுவரின் நிழலை நம்பாமல் மரத்தின் நிழலைத் தேடுங்கள். பலா, அயனி, மா போன்ற அடர்ந்த மரங்கள் உத்தமம். மரம் இல்லையென்றால் வீட்டின் கிழக்குப் பக்கம் நல்லது. கொடுமையான மேற்கு வெயிலை வீடே மறைத்துவிடும். மேற்கே ரப்பர் விளைக்குள் கோழி வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ரப்பர் மரம் மார்கழியிலிருந்து மாசிக்குள் இலையுதிர்த்து மொட்டையாக நின்று, பிறகுதான் துளிர்க்கும். வெயில் ஏறத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில் நிழலே இருக்காது. அதுவரை நிழலில் பழகிய கோழிகள் திடீரென்று திறந்த வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

கூண்டை இறக்க வழியே இல்லையென்றால் கூரையைச் சரிசெய்யுங்கள். தகரத்தின் மேல் முடைந்த தென்னோலையை இரண்டு அடுக்காகப் பரப்புவது செலவு குறைந்த நல்ல வழி. ஓலைக்கும் தகரத்துக்கும் இடையே நான்கைந்து விரல் இடைவெளி இருக்கும்படி குறுக்கே கம்பு கொடுத்துப் பரப்பினால் இன்னும் நல்லது. சுண்ணாம்பில் சிறிது பசை கலந்து வெள்ளையடித்தால் வெயில் திருப்பி அடிக்கப்படும், ஆனால் சித்திரையில் இடியோடு பெய்யும் கோடை மழையில் அது கரைந்துபோவதால் மறுபடியும் அடிக்க வேண்டிவரும். பாகல், கோவை, பேஷன் ஃப்ரூட் எதையாவது தொட்டியில் நட்டுக் கூரைமேல் படரவிடலாம். அடுத்த கோடைக்கு அது உதவும். கூரைக்கும் கோழியின் தலைக்கும் நடுவே உயரம் கூடக் கூட அனல் குறையும் என்பதால், தகரத்தை ஓரடி உயர்த்திக் கட்ட முடிந்தாலும் வித்தியாசம் தெரியும். ஒரு சாதாரண மேசை விசிறியைக் கோழியின் மார்பு உயரத்தில் வைத்து, கூண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்று ஓடும்படி பிற்பகல் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஓடவிட்டால், உங்கள் ஈரச் சாக்குகள் அனைத்தும் செய்யாததை அது ஒன்றே செய்துவிடும். மின்கம்பியைக் கோழி கொத்தாதபடியும், தண்ணீர் படாதபடியும் கட்டிவிடுங்கள்.

தண்ணீர் எப்போதும் இருந்தது என்கிறீர்கள். கூண்டுக்கோழிகளுக்கு நிப்பிள் (கோழி அலகால் தள்ளினால் நீர் சொட்டும் குழாய்முனை) வழியாகத்தானே தண்ணீர் போகிறது? அப்படியானால் ஒரு நாள் பிற்பகல் ஒரு மணிக்கு மாடிக்குப் போய், கடைசி நிப்பிளின் முனையை விரலால் தள்ளி, வரும் தண்ணீரைப் புறங்கையில் விட்டுப் பாருங்கள். வெயிலில் கிடக்கும் அரை அங்குலக் குழாயில் நிற்கும் நீர் சில மணி நேரத்தில் சுடுநீராகிவிடும். கோழி ஒருமுறை கொத்திவிட்டுத் தலையை உதறிக்கொண்டு விலகிவிடும். மறுபடி அந்தப் பக்கம் எளிதில் வராது. பார்ப்பவருக்குத் தண்ணீர் இருக்கிறது, கோழிக்கோ இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து குழாய் வந்தால் நிலைமை இன்னும் மோசம். தொட்டியை ஓலையால் மூடி, குழாயின்மேல் தேங்காய் நாரோ சாக்குத் துணியோ சுற்றி, பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் குழாயின் கடைசி முனையைத் திறந்து சூடான நீர் முழுவதையும் வடித்துவிடுங்கள். அதோடு, நிப்பிளிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் நீர் வரும் என்பதால், கோடையில் அதை மட்டும் நம்பாமல் கூண்டின் முன்பக்கத்தில் ஒரு நீளத் தட்டையும் மாட்டிவிடுவது நல்லது. கோழி அதில் அலகை முக்கிக் குடிக்கும். கொண்டையையும் தாடியையும் நனைத்துக்கொள்ளும். அந்த நனைதலும் அதற்கு ஒரு குளிர்ச்சிதான்.

அளவைப் பொறுத்தவரை, வளர்ந்த கோழி சாதாரண நாளில் 200 முதல் 250 மில்லி வரை குடிக்கும். கடும் வெப்பத்தில் அது இரு மடங்காகி அரை லிட்டரை எட்டும். ஆக எஞ்சியுள்ள உங்கள் 16 கோழிகளுக்கு நாளொன்றுக்கு 8 லிட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். சிந்துவதையும் சேர்த்து 10 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீர் எக்காலத்திலும் 27, 28 டிகிரியை ஒட்டியே இருப்பதால், நேரே கிணற்றிலிருந்து இறைத்து வைப்பது தொட்டி நீரைவிட மேலானது. முற்றத்துக் கோழிகளுக்கு வாயகன்ற மண்சட்டிகளை ஒரே இடத்தில் வைக்காமல், நிழல் உள்ள மூன்று இடங்களில் வையுங்கள். வலுத்த சேவலோ மூத்த பெட்டையோ ஒரு சட்டியை மறித்துக்கொண்டு நின்றால் இளைய கோழிகள் தாகத்தோடு ஒதுங்கி நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், காலையில் நிழலில் வைத்த சட்டி பிற்பகலில் வெயிலில் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டியை நாள்தோறும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுவது கட்டாயம். வழுவழுப்புப் படிந்த சட்டியில் கிருமி பெருகும், தேங்கிய நீரில் கொசு வளரும். கோழிக்கு அம்மையைப் பெரும்பாலும் பரப்புவது கொசுதான். சட்டியைச் சுற்றிச் சேறாகவும் விடக்கூடாது. அந்த ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி முற்றும்.

கடலோரம் என்பதால் இன்னொரு கேள்வியை உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறதா? கோடை முற்றும்போது பல இடங்களில் உவர்ப்பு கூடிவிடுகிறது. கோழியின் சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதில் அவ்வளவு திறமையானது அன்று. உவர்நீர் குடித்தால் தாகம் கூடும், எச்சம் நீராகப் போகும், உடல் இன்னும் வறண்டுபோகும். வாயில் வைத்தால் நமக்கே கரிக்கிறது என்றால் அந்த நீர் வேண்டாம். வீட்டுக்குக் குடிக்கப் பிடிக்கும் நீரையே கோழிக்கும் வையுங்கள். இதே காரணத்துக்காகத்தான் உப்பிட்ட கருவாட்டின் தலை, வால் கழிவுகளைக் கோடையில் கோழிக்குப் போட வேண்டாம் என்கிறேன். நம் கடற்கரையில் இது பரவலான வழக்கம், புரதத்துக்கு நல்லதும்கூட. ஆனால் உப்பில்லாமல் காயவைத்த மீனுக்குத்தான் அந்த நன்மை உண்டு. உப்புக் கருவாட்டைத் தின்றுவிட்டுத் தண்ணீர் கிடைக்காமல் போன கோழி, வெயிலில் நடுங்கி விழுந்து சாகவும் கூடும்.

வெப்பத்தில் உப்புநீர்ப் பொடி கொடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. கொடுக்கலாம். மனிதர்களுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் இரண்டு லிட்டரில் கரைத்து, பிற்பகலில் மூன்று, நான்கு மணி நேரம் மட்டும் வையுங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீரும் கட்டாயம் இருக்க வேண்டும். மிகக் கொடிய நாள்களில் மட்டும் போதும், அன்றாடம் தேவையில்லை. கருப்பட்டி கரைத்த நீர், பழங்கஞ்சி நீர் இரண்டும் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். கோழிக்குத் தேவை தண்ணீர்தான், புளிப்பன்று. நெல்லிக்காய்ச் சாறு சிறிது கலப்பதில் தவறில்லை. உயிர்ச்சத்து சி வெப்பத் தாக்கத்தைத் தாங்க உதவுகிறது.

தீவனம் எந்த நேரத்தில் வைக்கிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. கோழி தின்ற தீவனம் செரிக்கும்போது உடலுக்குள் வெப்பம் உண்டாகிறது, அந்த வெப்பம் தின்ற சில மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்தை எட்டும். காலை பத்து, பதினோரு மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு, வெளிவெப்பம் கொடுமையாக இருக்கும் பிற்பகலிலேயே உள்வெப்பமும் சேர்ந்துகொள்ளும். கோடைச் சாவு பெரும்பாலும் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் நிகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கே தீவனத்தை வைத்து, பத்து மணிக்கு எடுத்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் மறுபடியும் வையுங்கள். நடுவில் வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கிப் போடலாம், வெள்ளரிக்காய், தர்ப்பூசணித் தோல், அசோலா (நீரில் மிதந்து வளரும் சிறு பச்சைத் தாவரம்) எதுவும் நல்லதே. வாழை விளையும் நம் ஊரில் தண்டுக்குப் பஞ்சமில்லை; அதில் பெரும்பகுதி நீர்தான். மரச்சீனியின் (மரவள்ளிக் கிழங்கின்) தோலையும் இலையையும் பச்சையாகப் போடாதீர்கள், அவற்றில் சயனைடு நஞ்சு உண்டு. நனைத்த தீவனம் வைப்பதாக இருந்தால் அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே வையுங்கள். மிச்சம் பூசணம் பிடித்தால் வெப்பத்தைவிட அது பெரிய ஆபத்து.

முட்டை ஓடு மெலிந்து, எடுக்கும்போதே நொறுங்குகிறது என்று நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருப்பதும் இதோடு தொடர்புடையதே. மூச்சு வாங்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு உருவாகத் தேவையான கார்பனேட்டு அந்த வாயுவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அதனால் சுண்ணாம்புச் சத்தை எவ்வளவு கொடுத்தாலும் புழுக்கம் குறையும்வரை ஓடு முழுவதும் சரியாகாது. ஆயினும் நம் கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, உப்புப் போக ஊறவைத்து, காயவைத்து, பயறளவுக்கு நொறுக்கி மாலைத் தீவனத்தோடு தனிச் சட்டியில் வையுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில் படிவதால் மாலையில் தின்ற கிளிஞ்சல்தான் அதற்கு உதவும்.

இப்போது இரவில் இறந்த சேவலுக்கு வருகிறேன். மரநாய்க்கும் கீரிக்கும் பயந்து நாம் செய்யும் பலகைக்கூடு, நான்கு பக்கமும் அடைத்து, கதவைச் சாத்தினால் விரல் நுழைய இடமில்லாமல் இருக்கும். பத்துக் கோழிகள் அதற்குள் விடும் மூச்சின் ஈரமும் உடல் சூடும் வெளியேற வழியின்றிப் பொழுது விடியும்வரை உள்ளேயே சுழலும். பகலில் சேர்ந்த வெப்பத்தைக் கோழி இறக்கிவைக்க வேண்டிய நேரமே இரவுதான். உடல் பெருத்த சேவலுக்கு இது மிகக் கடினம். பருத்த உடம்பில் வெப்பத்தை வெளியேற்றும் தோற்பரப்பு எடைக்கு ஒத்த அளவில் இருப்பதில்லை. எதிரெதிரான இரண்டு பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டு, அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலையை இரண்டு அங்குலத்துக்கு ஒரு ஆணி வீதம் அடித்துவிடுங்கள். வலையின் ஒரு பக்கம் மேற்கே கடலை நோக்கியும் மறுபக்கம் கிழக்கே நிலத்தை நோக்கியும் இருந்தால், மாலைக் கடற்காற்றும் பின்னிரவு நிலக்காற்றும் இரண்டுமே ஊடுருவிச் செல்லும். மெல்லிய கோழிவலை போதாது. மரநாய் அதைப் பிய்த்துவிடும். தரையில் மரத்தூள் கனமாகக் கிடந்தால் வாரியெடுத்துவிட்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லாமல் புதிதாகப் பரப்புங்கள். ஊறிய எச்சமும் தூளும் தாமே சூடாகி, கண்ணெரிச்சல் தரும் வாயுவையும் விடும். கூடு நெருக்கமாக இருந்தால் கோடை முடியும்வரை இரண்டு கூடுகளாகப் பிரித்து அடையுங்கள்.

முற்றத்தில் திரியும் கோழிகள் பகலில் தமக்கு வேண்டியதைத் தாமே தேடிக்கொள்ளும். பலாவின் அடியில் ஓரிடத்தைக் கொத்திக் கிளறி, காலையில் ஒரு குடம் நீர் ஊற்றி விட்டுவிடுங்கள். பத்து மணிக்கெல்லாம் ஒவ்வொரு கோழியும் தன் உடலளவுக்குக் குழி பறித்து, வயிற்றிறகை விரித்து, ஈரமண் தோலில் படும்படி அழுந்திப் படுத்துக்கொள்வதைப் பார்க்கலாம். அப்படிப் படுத்திருக்கும் கோழியைத் துரத்தவோ பிடிக்கவோ கூடாது. தடுப்பூசி, குடற்புழு மருந்து, விற்பனைக்குப் பிடித்தல் எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். குஞ்சுகள் இருந்தால் அவற்றுக்கு முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி வரை சூடு தேவை என்பது உண்மை. ஆனால் சித்திரைப் பகலில் அந்தச் சூடு அறையிலேயே இருப்பதால் பல்பை அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் பல்பை விட்டு ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்து நின்றால் சூடு மிகுந்துவிட்டது என்று அறியலாம். அடைக்கோழிக்கு எட்டும் தூரத்திலேயே தண்ணீர் வையுங்கள். நம் அறை வெப்பத்திலேயே முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும் என்பதால், அடைவைக்கும் முட்டை ஐந்து நாளுக்கு மேல் பழையதாக இருக்க வேண்டாம்.

அடுத்து கோழி வாங்கும்போது இனத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். நாட்டுக்கோழியில் சிறிய உடலுள்ள சிறுவிடைக் கோழி, பெரிய உடலுள்ள பெருவிடையைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும். கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுத்தான் கோழி பார்வைக்கு அழகில்லாவிட்டாலும், இறகு குறைந்த உடம்பும் வெறும் கழுத்துமாக இருப்பதால் புழுக்கத்தில் மற்றவற்றைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும். நம் மாவட்டத்தை ஒட்டிய திருவனந்தபுரம் பகுதியில் இந்த இனம் நெடுங்காலமாகவே உள்ளது.

ஒரு கோழி சுருண்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. இறக்கையைத் தள்ளி வைத்துக்கொண்டு வாய் திறந்து நிற்பது முதல் கட்டம். நிழலும் காற்றும் நீரும் கிடைத்தால் அதுவே தேறிவிடும். கொண்டை வெளிறி அல்லது கருநீலமாகி, கண் செருகி, கால் தள்ளாடினால் உடனே செயல்பட வேண்டும். காற்றோட்டமான நிழலுக்குக் கொண்டுபோய், கிணற்று நீர் நிரம்பிய வாளியில் கால்கள் மூழ்கும்படி நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கொண்டையையும் இறக்கையின் அடியையும் நனைத்து விசிறுங்கள். ஐஸ் நீரில் முக்குவது கூடாது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்வெப்பம் உள்ளேயே நின்றுவிடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது; அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அலகின் நுனியை நீரில் தொட்டுக் காட்டினால், உணர்வு இருக்கும் கோழி தானே உறிஞ்சும்.

கடைசியாக ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலே சொன்னவற்றைச் செய்த பிறகும் கோழி இறந்தாலோ, வெயில் தணிந்த மழை நாளிலும் இறந்தாலோ, அதற்கு வெப்பம் அல்லாத வேறு காரணம் இருக்கலாம். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், அடுத்தடுத்து இரண்டு மூன்று கோழிகள் தலை தொங்கி நிற்றல் ஆகியவை வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயின் அடையாளங்கள். அதற்கான தடுப்பூசியைக் கால்நடைத்துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. உங்கள் நாட்டுக்கோழிகளுக்குப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் இறந்த கோழியைப் புதைப்பதற்கு முன் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே உள்ளுறுப்புகள் அழுகி எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். எனவே இறந்தது தெரிந்தவுடன் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். உறைபெட்டியில் வைத்துக் கல்லாக்கிவிட வேண்டாம்.